வால்நட்சத்திரத்தைப் பார்ப்பதும் படம்பிடிப்பதும்: பிறை பார்க்கப் பழகியவர்களுக்கு ஒரு வழிகாட்டி



2024 அக்டோபர் இரண்டாம் வாரத்தில் நம் வாட்ஸ்அப் குழுமங்களில் இரண்டு வகைச் செய்திகள் சுற்றி வந்தன. மஃரிபுக்குப் பிறகு மேற்கு வானில் வால்நட்சத்திரம் தெரிகிறது, வெறுங்கண்ணாலேயே பார்க்கலாம் என்றது ஒன்று. பெரும் அழிவு நெருங்கிவிட்டது, இதை இருபது பேருக்கு அனுப்புங்கள் என்றது இன்னொன்று. இரண்டாவது செய்தியோடு இணைத்திருந்த படம் அந்த வால்நட்சத்திரத்தின் படமே அல்ல. 2020 ஜூலையில் வந்த நியோவைஸ் வால்நட்சத்திரத்தின் படம்.

அந்த வாரத்தில் ஒரு தாயார் எங்களுக்குத் தொலைபேசியில் பேசினார். "பிள்ளைங்க ரொம்பப் பயப்படுறாங்க. மக்ரிபுக்குப் பொறவு மொட்டை மாடிக்குப் போக மாட்டேங்குறாங்க. அதப் பாத்தா கண்ணுக்கு ஏதாச்சும் ஆகுமா?" என்று கேட்டார். ஒன்றும் ஆகாது, நீங்களும் பிள்ளைகளோடு மாடிக்குப் போய்ப் பாருங்கள் என்று சொன்னோம். எங்கே பார்ப்பது, எத்தனை மணிக்குப் பார்ப்பது, எது வால்நட்சத்திரம் என்று எப்படித் தெரியும் என்று அடுத்தடுத்துக் கேட்டார். அவசரத்தில் பாதிதான் சொல்ல முடிந்தது. அன்று சொல்ல விட்டுப்போனதை இங்கே எழுதுகிறோம். அடுத்த பிரகாசமான வால்நட்சத்திரம் எப்போது வரும் என்பதை அல்லாஹ்வே அறிவான். பெரும்பாலும் சில மாத முன்னறிவிப்போடுதான் வரும். அதற்குள் தயாராக இருப்பது நல்லது.

வால் எப்படி வருகிறது

வால்நட்சத்திரம் நட்சத்திரம் அல்ல. அதனால்தான் அறிவியல் நூல்களில் வால்மீன் என்கிறார்கள். அரபியில் 'முதன்னப்', அதாவது வாலுடையது. பனிக்கட்டியும் தூசியும் பாறைத் துகளும் சேர்ந்த, சில கிலோமீட்டர் அகலமுள்ள ஒரு கட்டிதான் அதன் கரு. ஹாலி வால்மீனின் கரு சுமார் 15 கிலோமீட்டர் நீளம், 8 கிலோமீட்டர் அகலம். 1986 மார்ச்சில் ஐரோப்பிய விண்கலமான ஜியோட்டோ 600 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான தூரத்தில் அதைக் கடந்து படம் எடுத்தது. பனிக்கட்டி என்பதால் வெள்ளையாக இருக்கும் என்று நினைத்தவர்களுக்கு அது நிலக்கரியைப் போலக் கறுப்பாகத் தெரிந்தது. தன்மேல் விழும் ஒளியில் சுமார் 4 சதவீதத்தைத்தான் அது திருப்பி அனுப்புகிறது.

இந்தக் கட்டி சூரியனை நெருங்கும்போது பனி நேராக ஆவியாகி, தூசியையும் இழுத்துக்கொண்டு வெளியேறுகிறது. கருவைச் சுற்றி அது மேகம்போல் படர்வதைத் தலை என்கிறோம். அதிலிருந்து பிரிபவை இரண்டு வால்கள். தூசி வால் மஞ்சள் கலந்த வெண்மை. சற்று வளைந்து அகலமாக இருக்கும். அயனி வால் நீலநிறம். மெல்லியதாக, சூரியனுக்கு நேர் எதிர்த்திசையில் நிற்கும். வால் எப்போதும் பின்னால் வரும் என்று நினைத்துவிடக் கூடாது. சூரியனைச் சுற்றிவிட்டுத் திரும்பிப் போகும்போது அது வாலை முன்னே நீட்டிக்கொண்டே போகிறது. படங்களில் தலை பச்சையாகத் தெரிவதற்குக் காரணம் அங்குள்ள ஈரணுக் கார்பன் வாயு. சூரிய ஒளியில் அது சீக்கிரம் சிதைந்துவிடுவதால் வால்வரை பச்சை நீள்வதில்லை.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடுவோம். கண் இமைக்கும் நேரத்தில் கோடு கிழித்து மறைவது எரிநட்சத்திரம். வால்நட்சத்திரம் அப்படி ஓடாது. மற்ற நட்சத்திரங்களைப் போல அசையாமல் நின்று, அவற்றோடு மெல்ல அஸ்தமிக்கும். அடுத்த நாள் வேறு இடத்தில் தெரியும்.

அந்த அக்டோபர் விருந்தாளி

2024-இல் வந்ததன் பெயர் சுச்சின்ஷான்-அட்லஸ். பதிவு எண் சி/2023 ஏ3. 2023 ஜனவரியில் சீனாவின் ஊதாமலை ஆய்வகத்தின் படங்களிலும், பிப்ரவரியில் தென்னாப்பிரிக்காவிலுள்ள அட்லஸ் தொலைநோக்கியின் படங்களிலும் சிக்கியதால் இரட்டைப் பெயர். 2024 செப்டம்பர் 27 அன்று சூரியனிலிருந்து சுமார் 5.9 கோடி கிலோமீட்டர் தூரத்தில் சுற்றி வந்தது. அக்டோபர் 12 அன்று பூமிக்கு மிக அருகில், சுமார் 7 கோடி கிலோமீட்டர் தூரத்தில் இருந்தது. 'மிக அருகில்' என்றாலும் சந்திரனைப்போல் 180 மடங்குக்கு மேல் தொலைவு. இதைச் சொன்னதும் அந்தத் தாயாருக்குப் பாதிப் பயம் போய்விட்டது.

அந்த ஆண்டு ஜூலையில்கூட, இது சூரியனை நெருங்குவதற்குள் உடைந்து சிதறிவிடும் என்று ஒரு மூத்த ஆய்வாளர் எழுதியிருந்தார். 2013 நவம்பரில் ஐசான் அப்படித்தான் சிதறிப்போனது. ஆனால் இது பிழைத்துக்கொண்டது. நாளிதழில் 'நூற்றாண்டின் வால்நட்சத்திரம்' என்று தலைப்பைப் பார்த்தால் உடனே நம்பிவிடவும் வேண்டாம், ஒன்றும் தெரியாது என்று உட்கார்ந்துவிடவும் வேண்டாம்.

நம் ஊர்க்காரர்களுக்கு இரண்டு வாய்ப்புகள் கிடைத்தன. செப்டம்பர் கடைசியிலும் அக்டோபர் தொடக்கத்திலும் ஃபஜ்ர் நேரத்தில் கிழக்கே, அடிவானத்துக்குச் சற்று மேலே. பிறகு சூரியனின் பிரகாசத்துக்குள் மறைந்து, அக்டோபர் 12-ஐ ஒட்டி மாலை மேற்கு வானுக்கு மாறியது. கிழக்குக் கடற்கரை ஊர்களில் முதல் வாய்ப்பே சிறந்தது. கடலுக்கு மேல் மரமோ கட்டடமோ மறைக்காது. ஆனால் பெரும்பாலானோர் செய்தியைக் கேள்விப்பட்டதே இரண்டாவது வாய்ப்பின்போதுதான். அப்போது 15-ஆம் தேதி வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டது. 17-ஆம் தேதி பௌர்ணமி. நாங்கள் நான்கு மாலைகள் காத்திருந்து ஒரே ஒரு மாலையில், மேக இடைவெளியில் எட்டு நிமிடம் பார்த்தோம். வளைகுடாவில் இருந்த நம் சகோதரர்கள் பாலைவனப் பக்கம் வண்டியில் போய், ஒவ்வொரு நாளும் தெளிவாகப் பார்த்துப் படம் அனுப்பி எங்கள் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டார்கள்!

பயம் பழையது

வானில் புதிதாக ஒன்று தெரிந்தால் அதை மண்ணில் நடப்பதோடு முடிச்சுப்போடுவது மனிதனின் பழைய வழக்கம். நபி (ஸல்) அவர்களின் மகன் இப்ராஹீம் இறந்த நாளில் சூரிய கிரகணம் ஏற்பட்டது. மகனின் மரணத்துக்காகவே சூரியன் மறைந்தது என்று மக்கள் பேசிக்கொண்டார்கள். சூரியனும் சந்திரனும் அல்லாஹ்வின் அத்தாட்சிகள், எவருடைய இறப்புக்காகவோ பிறப்புக்காகவோ அவற்றுக்குக் கிரகணம் பிடிப்பதில்லை என்று நபியவர்கள் தெளிவுபடுத்தினார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவான செய்தி இது. தம் துயரத்தின் நடுவிலும், தமக்குப் பெருமை சேர்ப்பதுபோல் எழுந்த பேச்சைக்கூட அவர்கள் அனுமதிக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

இந்தப் பாடத்தை நம்மவர்கள் எப்போதும் கைக்கொண்டார்கள் என்று சொல்லிவிட முடியாது. 1577-இல் ஒரு மாபெரும் வால்நட்சத்திரம் தோன்றியது. இஸ்தான்புல்லில் சுல்தான் மூன்றாம் முராதின் ஆதரவில் தகிய்யுத்தீன் நடத்திய ஆய்வகம் அப்போது புதிது. அன்றைய உலகின் மிகச்சிறந்த வானியல் கருவிகளில் சில அங்கே இருந்தன. தகிய்யுத்தீன் வால்நட்சத்திரத்தைப் பார்த்துவிட்டு, பாரசீகப் போரில் சுல்தானுக்கு இது நற்சகுனம் என்று பலன் சொன்னார். அதே வால்நட்சத்திரத்தை டென்மார்க்கில் டைக்கோ பிராகே அளந்தார். சந்திரனைவிட அது வெகுதொலைவில் இருக்கிறது என்று நிறுவினார். வால்நட்சத்திரம் பூமியின் காற்றுமண்டலத்தில் எரியும் ஆவி என்ற அரிஸ்டாட்டிலின் கருத்து அத்தோடு ஆட்டம் கண்டது. இஸ்தான்புல் ஆய்வகமோ 1580-இல் இடித்துத் தள்ளப்பட்டது. அதற்கு அரசியல் காரணங்களும் உண்டு என்றாலும், சகுனம் சொல்வதற்கென்று நம்பி வைத்த கருவிகளுக்குச் சகுனம் பொய்த்த பிறகு யார் ஆதரவு தருவார்கள்? இது நமக்குக் கசப்பான செய்திதான்.

அவர்களுக்கு 700 ஆண்டுகள் முந்திய அப்பாஸியக் கவிஞர் அபூதம்மாம் இந்த விஷயத்தில் தெளிவாக இருந்தார். கி.பி. 838-இல் கலீஃபா முஃதஸிம் அமோரியம் நகரை வென்றதைப் பாடிய புகழ்பெற்ற கவிதையில், மேற்கே தோன்றிய வாலுடைய நட்சத்திரத்தைக் காட்டிப் பயமுறுத்திய ஜோதிடர்களை அவர் கேலி செய்கிறார்.

ஐரோப்பாவும் அமெரிக்காவும்கூட இதில் சளைத்தவையல்ல. 1910 மே மாதம் பூமி ஹாலி வால்மீனின் வாலைக் கடக்கும் என்றும், வாலில் சயனோஜென் என்ற நச்சுவாயு இருக்கிறது என்றும் செய்தி வந்ததும் 'வால்நட்சத்திர மாத்திரை' விற்றுக் காசு பார்த்தார்கள். வாலின் அடர்த்தி நாம் உருவாக்கும் வெற்றிடத்தைவிடக் குறைவு. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

வால்நட்சத்திரம் தெரியும்போது என்ன ஓத வேண்டும், தொழுகை உண்டா போன்ற மார்க்கக் கேள்விகளுக்குப் பதில் சொல்வது எங்கள் வேலையல்ல. உலமாக்களிடம் கேளுங்கள். ஆனால் 'கியாமத் நாளின் அடையாளம்' என்று யாராவது செய்தி அனுப்பினால், எந்த நூல், எந்த ஹதீஸ், அதன் தரம் என்ன என்று அவரிடமே கேட்கலாம். அந்த அக்டோபரில் நாங்கள் கேட்டவர்களில் ஒருவர்கூடப் பதில் அனுப்பவில்லை.

நேரமும் திசையும்: உங்களிடமே அட்டவணை இருக்கிறது

வால்நட்சத்திரம் பார்ப்பவர்களுக்கு முதல் தேவை, வானம் எப்போது இருட்டும் என்ற கணக்கு. சூரியன் அடிவானத்துக்குக் கீழே 18 பாகை இறங்கும்போதுதான் வானம் முழுமையாக இருட்டுகிறது என்பது வானியல் வரையறை. நம் பள்ளிவாசல்களில் தொங்கும் தொழுகை நேர அட்டவணைகள் பலவற்றில் இஷாவும் ஃபஜ்ரும் இதே 18 பாகையில்தான் கணக்கிடப்படுகின்றன. ஆக, மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடைப்பட்ட சுமார் எழுபது நிமிடம்தான் மாலை வால்நட்சத்திரத்துக்கான நேரம். முதல் அரைமணியில் வானம் மிக வெளிச்சம். கடைசியில் வால்நட்சத்திரம் தாழ்ந்துவிடும். மஃரிப் தொழுது, ஸுன்னத்தையும் முடித்துவிட்டு நிதானமாக வெளியே வந்தால் சரியாக இருக்கும்.

ஒரு எச்சரிக்கை, பிள்ளைகளுக்கு அவசியம் சொல்லுங்கள்: மஃரிப் பாங்கு கேட்கும் முன் பைனாகுலரையோ தொலைநோக்கியையோ மேற்கே திருப்பக் கூடாது. அதன் வழியாகச் சூரியன் ஒரு நொடி கண்ணில் பட்டாலும் பார்வை நிரந்தரமாகப் போய்விடலாம். வால்நட்சத்திரத்தால் கண்ணுக்கு ஆபத்தில்லை. அருகிலிருக்கும் சூரியனால்தான் ஆபத்து. விடியலில் பார்ப்பவர்கள் சூரிய உதயத்துக்குக் கால்மணி நேரம் முன்பே கருவியை மூடிவிட வேண்டும்.

சந்திர ஒளிக்கு ஹிஜ்ரி நாட்காட்டியே போதும். மாலை வானம் இருட்டாக இருப்பது பிறை 18-லிருந்து அடுத்த மாதம் பிறை 3 வரை. விடியற்கால வானத்துக்கு மாதக் கடைசி இரண்டு மூன்று நாட்களும் அடுத்த மாதத்தின் முதல் பத்துப் பன்னிரண்டு நாட்களும். முதல் பாதியில் சந்திரன் விடியுமுன்னே அஸ்தமித்துவிடும் அல்லவா?

திசைக்குக் கிப்லாவை அடையாளமாக வைத்துக்கொள்ளலாம். தமிழ்நாட்டில் கிப்லா நேர் மேற்கு அல்ல. சென்னையில் மேற்கிலிருந்து வடக்கே சுமார் 18 பாகை, காயல்பட்டினத்தில் சுமார் 24 பாகை. கையை நீட்டி முஷ்டியைப் பிடித்தால் அதன் அகலம் ஏறத்தாழ 10 பாகை. 2024 அக்டோபர் 14 மாலை, கிப்லாவை நோக்கி நின்றவருக்கு வால்நட்சத்திரம் இடப்பக்கம் இரண்டு, இரண்டரை முஷ்டி தள்ளி இருந்தது. துபாயில் கிப்லா மேற்கிலிருந்து தெற்கே சாய்வதால் ஏறத்தாழ கிப்லா திசையிலேயே தெரிந்தது. அதற்கும் இடப்பக்கம் பளிச்சென்று வெள்ளிக் கோள், வலப்பக்கம் சுவாதி நட்சத்திரம். இரண்டுக்கும் நடுவே என்று சொன்னதும் சிறுவர்கள்கூடக் கண்டுபிடித்துவிட்டார்கள்.

பிறைக் கமிட்டிகளில் மேற்கு அடிவானத்தைப் பார்த்துப் பழகிய பெரியவர்கள் எங்களைவிட முதலில் கண்டார்கள். மூட்டத்துக்கும் மேகத்துக்கும் வித்தியாசம் தெரிந்த கண்கள் அவை. உங்கள் ஊரில் அப்படி ஒருவர் இருந்தால் அவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

கருவி: பைனாகுலரே முதல்

பெரிய தொலைநோக்கி இருந்தால்தான் வால்நட்சத்திரம் பார்க்க முடியும் என்பது தவறான எண்ணம். தொலைநோக்கியில் தெரியும் வட்டம் மிகச் சிறியது. 150 மில்லிமீட்டர் விட்டமும் 750 மில்லிமீட்டர் குவியத்தூரமும் உள்ள கருவியில் 25 மில்லிமீட்டர் கண்வில்லையைப் போட்டால் 30 மடங்கு பெரிதாகும். தெரியும் வானத்தின் அகலம் சுமார் 1.7 பாகை. வாலோ 10 பாகைக்கு மேல் நீண்டிருக்கலாம். யானையைச் சாவித்துவாரத்தில் பார்த்த கதைதான். 7x50 அல்லது 10x50 பைனாகுலரில் 6, 7 பாகை தெரியும். வாங்குவதானால் முதலில் பைனாகுலர் வாங்குங்கள். பிறை பார்க்கவும் அதுவே உதவும். மாடிச் சுவரில் முழங்கையை ஊன்றிப் பிடித்தால் ஆட்டம் நிற்கும்.

தொலைநோக்கி பயன்படுவது தலையின் உள்பகுதியைப் பார்க்க. குறைந்த பெருக்கத்தில் தொடங்கி 100 மடங்குவரை போகலாம். நடுவில் புள்ளியாக ஒளிர்வது கரு அல்ல, கருவைச் சுற்றியுள்ள அடர்ந்த வாயுவும் தூசியும்தான். சில கிலோமீட்டர் கட்டியை 7 கோடி கிலோமீட்டர் தூரத்திலிருந்து எந்த வீட்டுத் தொலைநோக்கியும் காட்டாது. ஆனால் அந்தப் புள்ளியிலிருந்து விசிறிபோல் ஒளி பீறிடுகிறதா என்று பொறுமையாகப் பாருங்கள். 1997-இல் ஹேல்-பாப் வால்நட்சத்திரத்தில் கரு சுழலச் சுழல வெளியேறிய தூசி வளையம் வளையமாகத் தெரிந்தது. அதைச் சிறு தொலைநோக்கி வைத்திருந்தவர்களே வரைந்து வைத்தார்கள்.

பிரகாசத்தைப் பற்றியும் ஏமாறக் கூடாது. ஒளித்தரம் 3 என்று அறிவித்தால் 3-ஆம் தர நட்சத்திரம்போல் கூர்மையாகத் தெரியாது. அந்த ஒளி முழுவதும் ஒரு பரப்பில் பரவிக் கிடக்கும். போதாக்குறைக்கு, அடிவானத்துக்கு 10 பாகை உயரத்தில் பார்க்கும்போது தலைக்கு நேர் மேலே பார்ப்பதைவிட ஐந்தரை மடங்கு காற்றின் ஊடாகப் பார்க்கிறோம். கைபேசியை இருபது நிமிடம் பையில் வையுங்கள். டார்ச்சின் முகப்பில் சிவப்புக் கண்ணாடித் தாள் கட்டுங்கள். மங்கலான வாலை நேரே பார்க்காமல் சற்றுத் தள்ளிப் பார்த்தால் கூடுதல் நீளம் தெரியும். கண்ணின் ஓரப் பகுதிக்கே மங்கிய ஒளியை உணரும் சக்தி அதிகம்.

படம்பிடித்தல்

முக்காலி இல்லாமல் எதுவும் நடக்காது. அது இருந்தால் இன்றைய கைபேசியே போதும்: இரவு முறையில் வைத்து, மூன்று நொடி டைமர் போட்டு, கையை எடுத்துவிடுங்கள். பத்து நொடி திறந்திருக்க விட்டால், கண்ணுக்குத் தெரியாத வால்கூடப் படத்தில் வந்துவிடும். எங்கள் எட்டு நிமிடத்தில் உருப்படியாகக் கிடைத்த படம் கைபேசிப் படம்தான். கேமராவைத் தயார் செய்வதிலேயே ஐந்து நிமிடம் போய்விட்டது என்பதையும் ஒப்புக்கொள்கிறோம்.

கேமரா வைத்திருப்பவர்கள் மூன்று விஷயங்களை வீட்டிலேயே சரிசெய்துகொண்டு போகலாம். கோப்பு வகை ரா; லென்ஸ் துளை முடிந்தவரை அகலம், எஃப் 2 அல்லது 2.8, ஐ.எஸ்.ஓ. 800 முதல் 1600. குவியத்தைத் தானியங்கியிடம் விடாமல், வெள்ளிக் கோளைத் திரையில் பெரிதாக்கி, அது மிகச் சிறிய புள்ளியாகும்வரை கையால் திருப்பி, வளையத்தில் ஒரு துண்டு டேப் ஒட்டிவிடுங்கள். இருட்டில் தெரியாமல் கை பட்டு மாறிவிடுவது எல்லோருக்கும் நேர்வது.

எத்தனை நொடி திறப்பது? பூமி சுழல்வதால் வானம் மணிக்கு 15 பாகை நகர்கிறது. 500-ஐ லென்ஸின் மில்லிமீட்டரால் வகுத்தால் நட்சத்திரங்கள் கோடாகாமல் எத்தனை நொடி திறக்கலாம் என்று கிடைக்கும்: 50 மில்லிமீட்டருக்கு 10 நொடி, 85-க்கு 6 நொடி, 200-க்கு இரண்டரை நொடி. சிறிய சென்சார் கேமராவானால் விடையை இன்னும் 1.5-ஆல் வகுக்க வேண்டும். வால் முழுவதும், கீழே பள்ளி மினாராவும் சேர்ந்து வர வேண்டுமானால் 50 அல்லது 85 மில்லிமீட்டர் போதும். அந்தி ஒளி நிமிடத்துக்கு நிமிடம் மாறுவதால் ஒரே அளவில் நிற்காமல் 1, 2, 4, 8 நொடி என்று மாற்றி மாற்றி எடுத்துக்கொண்டே இருங்கள்.

தொலைநோக்கியின் கண்வில்லையை எடுத்துவிட்டு, டி-ரிங் என்ற வளையத்தின் வழியாகக் கேமராவை மாட்டினால் அந்த 750 மில்லிமீட்டர் கருவியே லென்ஸ் ஆகிவிடும். ஆனால் மேற்படி கணக்கில் ஒரு நொடிகூடத் திறக்க முடியாது. எனவே வானத்தோடு சுழலும் மோட்டார் தாங்கி வேண்டும். அதன் அச்சைத் துருவ நட்சத்திரத்தை நோக்கி வைக்க வேண்டும். இங்கேதான் நமக்கு ஒரு சிக்கல். துருவ நட்சத்திரத்தின் உயரம் ஊரின் அட்சரேகைக்குச் சமம்: சென்னையில் 13 பாகை, தென்கோடியில் 8 பாகை. தென்னை மரத்துக்கும் மூட்டத்துக்கும் பின்னால் அது தெரியவே தெரியாது. திசைகாட்டியால் வடக்கைப் பிடித்து, தாங்கியின் அட்சரேகை அளவை ஊருக்குத் தக்கபடி வைத்துவிடுங்கள். அரை நிமிடப் படங்களுக்கு அது தாங்கும். சில தாங்கிகள் இவ்வளவு தாழ்வான அட்சரேகைக்கு இறங்காது. வாங்கும் முன் கேளுங்கள்.

ஒரு படத்தில் புள்ளிப் புள்ளியாக இரைச்சல் தெரியும். இருபது, முப்பது படங்களை எடுத்து ஒன்றன்மேல் ஒன்று அடுக்கினால் அது குறையும். டீப்ஸ்கைஸ்டாக்கர் என்ற இலவச மென்பொருளில் வால்நட்சத்திரத்துக்கென்றே தனி முறை உண்டு. வால்நட்சத்திரம் நட்சத்திரங்களுக்கிடையே நகர்ந்துகொண்டே இருப்பதால், நட்சத்திரங்களை ஒட்டி அடுக்கினால் தலை இழுபடும். தலையை ஒட்டி அடுக்கினால் நட்சத்திரங்கள் கோடாகும். இரண்டையும் தனித்தனியே அடுக்கிச் சேர்க்கவும் அதில் வழி இருக்கிறது.

கடற்கரையில் உப்புக் காற்றும் பனியும் லென்ஸில் படியும். கைலி நுனியால் துடைக்காதீர்கள். உப்புத்துகள் கண்ணாடியைக் கீறிவிடும். வளைகுடாவில் ஏ.சி. அறையிலிருந்து கேமராவை நேரே வெளியே எடுத்தால் சட்டென்று ஆவி படியும். பையோடு அரைமணி நேரம் வெளியே வைத்திருந்து பிறகு திறவுங்கள்.

ஒரு படம் செய்த கேடு

1996 நவம்பரில் அமெரிக்காவின் ஹூஸ்டனில் அமெச்சூர் ஒருவர் ஹேல்-பாப் வால்நட்சத்திரத்தைத் தொலைநோக்கியில் படமெடுத்தார். அருகே சனிக்கோளைப்போல ஒரு பொருள் பிரகாசமாகத் தெரிந்தது. தம் கணினி வரைபடத்தில் அங்கே நட்சத்திரம் எதுவும் இல்லை என்பதால், வால்நட்சத்திரத்தின் பின்னால் மர்மப் பொருள் வருகிறது என்று வானொலியில் அறிவித்துவிட்டார். உண்மையில் அது பட்டியலில் உள்ள சாதாரண எட்டாம் தர நட்சத்திரம். அவருடைய மென்பொருளின் அமைப்பில் அது காட்டப்படவில்லை, அவ்வளவுதான். வானியலாளர்கள் உடனே விளக்கினார்கள். ஆனால் 'வால்நட்சத்திரத்தின் பின்னால் விண்கலம் வருகிறது' என்ற பேச்சு அதற்குள் பரவிவிட்டது. 1997 மார்ச்சில் கலிஃபோர்னியாவில் அந்த விண்கலத்தில் ஏறப் போவதாக நம்பிய ஒரு வழிபாட்டுக் குழுவினர் 39 பேர் தங்கள் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். படமெடுத்தவர் அவர்களைச் சாகச் சொல்லவில்லை. சரிபார்க்காமல் வெளியிட்டார்.

செய்தி வந்தால் தீர விசாரித்துக்கொள்ளும்படி குர்ஆன் நமக்குக் கட்டளையிடுகிறது. வால்நட்சத்திரப் படத்துக்கும் அது பொருந்தும். உங்கள் படத்தில் விசித்திரமாக எதுவும் தெரிந்தால், முதலில் ஸ்டெல்லேரியம் போன்ற வரைபட மென்பொருளில் மங்கலான நட்சத்திரங்களையும் காட்டும்படி மாற்றிவிட்டுப் பாருங்கள். அடுத்து, கேமராவைச் சற்றுத் திருப்பி இன்னொரு படம் எடுங்கள். லென்ஸுக்குள் எதிரொளித்த வெளிச்சமானால் இடம் மாறிவிடும். கோடாகத் தெரிவது பெரும்பாலும் விமானமோ செயற்கைக்கோளோதான்.

2024 அக்டோபர் 14-ஐ ஒட்டி சுச்சின்ஷான்-அட்லஸுக்கு முன்பக்கமும் ஊசிபோல் ஒரு வால், சூரியனை நோக்கி நீண்டிருந்தது. படத்தைத் திருத்தியிருக்கிறார்கள் என்று பலர் சண்டை பிடித்தார்கள். அது உண்மையே. அதற்கு எதிர்வால் என்று பெயர். வால்மீன் தன் பாதைநெடுகச் சிந்திய கனமான தூசி ஒரு மெல்லிய தட்டாகப் பரவிக் கிடக்கிறது. பூமி அந்தத் தளத்தைக் கடக்கும் நாட்களில் தட்டின் விளிம்பைப் பார்ப்பதால் கோடாகத் தெரிகிறது. 1957-இல் ஆரென்ட்-ரோலன் வால்மீனிலும் இது எடுப்பாகத் தெரிந்தது. சரிபார்த்தால் சில வேளை விசித்திரம் பொய்யாகும், சில வேளை மெய்யாகும்.

கண்டதை எழுதி வையுங்கள்

அமெச்சூர்களின் வேலை வெறும் பொழுதுபோக்கு என்று யாராவது சொன்னால் இரண்டு பெயர்களைச் சொல்லுங்கள். ஹேல்-பாப்பைக் கண்டவர்களில் ஒருவரான தாமஸ் பாப்பிடம் சொந்தமாகத் தொலைநோக்கியே கிடையாது. 1995 ஜூலையில் நண்பரின் கருவியில் ஒரு நட்சத்திரக் கொத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் ஒரு மங்கல் தெரிந்தது. 1949-இல் பாப்பு-பாக்-நியூகிர்க் வால்மீனைக் கண்டவர்களில் ஒருவரான வைணு பாப்பு, ஹைதராபாத்தில் வளர்ந்தவர். நவாப் ஸஃபர் ஜங் 1901-இல் நிறுவிய நிஜாமியா வானாய்வகத்தில் அவருடைய தந்தை பணியாற்றினார். சிறு வயதில் அந்தத் தொலைநோக்கிகளில் வானத்தைப் பார்த்துப் பழகியவர் பின்னாளில் ஹார்வர்டில் மாணவராக இருந்தபோது வால்மீனைக் கண்டார். வாணியம்பாடிக்கு அருகே காவலூரில் உள்ள பெரிய வானாய்வகம் அவருடைய பெயரில்தான் இயங்குகிறது. தொலைநோக்கியே இல்லாமலும் வழி உண்டு. சோஹோ விண்கலம் அனுப்பும் படங்களைக் கணினியில் அலசிக் கண்டெடுத்த வால்மீன்களின் எண்ணிக்கை 2024 மார்ச்சில் 5000-ஐ எட்டியது. பெரும்பாலானவற்றைக் கண்டவர்கள் ஆர்வலர்கள்.

ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதி, நேரம், ஊர், கருவி, வாலின் நீளம் எத்தனை முஷ்டி அல்லது விரல், தலையின் பிரகாசம் ஆகியவற்றைக் குறியுங்கள். பிரகாசத்தை மதிப்பிட ஒரு பழைய முறை இருக்கிறது. பைனாகுலரில் வால்நட்சத்திரத் தலையின் தோற்றத்தை மனத்தில் பதித்துக்கொண்டு, பிறகு குவியத்தைக் கலைத்து ஒரு நட்சத்திரத்தை அதே அளவுக்கு ஊதவிட்டு ஒப்பிட வேண்டும். ஒளித்தரம் தெரிந்த இரண்டு நட்சத்திரங்களில் ஒன்று சற்றுக் கூடுதலாகவும் மற்றது சற்றுக் குறைவாகவும் இருந்தால், வால்நட்சத்திரத்தின் தரம் இரண்டுக்கும் நடுவே. ஸ்லோவேனியாவின் சிர்னி வ்ரஹ் வானாய்வகம் நடத்தும் கோப்ஸ் என்ற தரவுத்தளம் இத்தகைய மதிப்பீடுகளை உலகெங்கும் உள்ள ஆர்வலர்களிடமிருந்து பெற்றுச் சேர்க்கிறது. பதிவு செய்துகொண்டு நீங்களும் அனுப்பலாம். மேகம் மறைத்த நாளையும் 'பார்க்க இயலவில்லை' என்று எழுதி வையுங்கள். எங்கள் நோட்டில் அந்த வாரம் அப்படி மூன்று வரிகள் இருக்கின்றன.